கப்பலில் வந்த புளியும் தேக்காவின் கீரையும்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை, லிட்டில் இந்தியா என்ற பெயரால் உலகப் பிரயாணிகளுக்குக் காட்டப்படுவதற்கு வெகுகாலத்துக்கு முன்னால், மாட்டுத் தொழுவங்களும் பால் வியாபாரமும் நிறைந்த வட்டாரமாக இருந்தது. அத்தொழுவங்களின் பெயரையே தாங்கி, கண்டாங் கெர்பாவ் சந்தை 1915-இல் அங்கு எழுந்தது. ஜனங்களோ அதைத் தேக்கா என்றே அழைத்தார்கள். இத்தீவின் தமிழ்ச் சமையலுக்குச் சரித்திரம் எழுத முற்படுகிறவர்கள் பெரும்பாலும் உணவகங்களிலிருந்து தொடங்குகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அதை அந்தச் சந்தையின் கீரைக்கடைகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஏனெனில், தஞ்சை, இராமநாதபுரம் முதலிய ஜில்லாக்களிலிருந்து கடல் கடந்து வந்த குடும்பங்கள் தம்முடன் கொண்டுவர முடிந்தவை உலர்ந்த சரக்குகள் மாத்திரமே. 1926 முதல் 1973 வரை சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு ஓடிய ‘ரஜூலா’ கப்பலின் நீண்ட பிரயாணத்தைப் புளியும், மிளகாய் வற்றலும், கொத்தமல்லி விதையும், துவரம்பருப்பும் தாங்கும். வெண்டைப்பிஞ்சும் கத்தரிக்காயும் தாங்கமாட்டா. ஆகவே இந்நகரத்துத் தமிழர் குழம்பில் பாதி ஊரிலிருந்து வந்தது; மறுபாதியை இம்மண்ணிடமே கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

அம்மண்ணைப் பயிரிட்டவர்களோ பெரும்பாலும் சீனர்கள். சிராங்கூன் சாலையிலேயே மேலும் வடக்கே சென்றால், கல்லாங் ஆற்றையொட்டி, போத்தோங் பாசிர் என்ற காய்கறித் தோட்டங்களின் கிராமம் இருந்தது; அங்கே விளைந்தவை சாய் சிம், கைலான் போன்ற, சீனர் சமையலுக்கு உரிய கீரை வகைகள். ஆடியில் விதைத்துத் தையில் அறுவடை காணும் கணக்கு, பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய 1 பாகை தூரத்திலுள்ள இத்தீவில் செல்லுபடியாகாது. வெயிலும் மழையும் ஆண்டு முழுவதும் மாறி மாறி வரும். ஆனால் ஆண்டின் இறுதியில் வடகிழக்குப் பருவமழை வலுத்துப் பாத்திகள் நீரில் மூழ்கும்போது, எது கிடைக்கிறதோ அதுவே அன்றைய கறி என்று கூடையை நீட்டுவதைத் தவிரக் கிருகிணிக்கு வேறு வழியில்லை.

புதிய கீரையைப் பழைய பக்குவத்துக்குள் கொண்டுவருவது எளிய காரியமன்று. கங்கோங் என்ற கீரையின் தண்டு உள்ளே குழலாக இருப்பது. முளைக்கீரையைப் போல் மத்தால் கடைந்தால் மசியாமல் நாராக நிற்கும். அதை நறுக்கிப் பூண்டும் மிளகாய் வற்றலும் தாளித்து, கனத்த தீயில் சுருக்கென்று வதக்கி இறக்க வேண்டும். சாய் சிம்மின் தண்டு மெல்லிய இனிப்பு உடையதாதலால் பாசிப்பருப்புக் கூட்டுக்கு இசையும். கைலானின் லேசான கசப்பைத் தேங்காய்த் துருவல் அடக்கும். இவற்றை முதன்முதலில் வீட்டாருக்குச் செய்து கொடுப்பதைக் காட்டிலும், விருந்துக்கு வந்தவர் இலையில் வைப்பதற்கே அதிக தைரியம் வேண்டும். வீட்டார் முகம் சுளித்தால் மறுநாள் சரிசெய்யலாம், விருந்தினர் முகம் சுளித்தால் அது குடும்பத்தின் கௌரவத்தையே தொட்டுவிடும் என்று நம்பியவர்கள் நம் முன்னோர்.

இந்தத் தைரியத்தை எல்லார்மீதும் கட்டாயமாகச் சுமத்தியது யுத்தம். 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபின், வெளிநாடுகளிலிருந்து கப்பலில் அரிசி வந்து சேரும் வழிகள் குலைந்தன. கைக்கு அகப்பட்ட நிலத்திலெல்லாம் உணவுப் பயிர் இடும்படி ஜனங்கள் ஏவப்பட்டார்கள். மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் முற்றங்களில் முளைத்தன. விசாகம் திருநாள் மகாராஜா 1880-85 ஆட்சிக் காலத்தில் மரவள்ளியைப் பரப்பிய திருவிதாங்கூரிலிருந்து வந்தவர்களுக்கு அக்கிழங்கு புதிதன்று. ஆனால் மூன்று வேளையும் நெல்லுச்சோற்றையே கண்டு வளர்ந்த காவிரிக் கரையாருக்கு, தோலை ஆழச் சீவி, துண்டாக்கி, நன்றாக வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டினாலன்றி சில ரகங்களிலுள்ள நச்சு நீங்காது என்ற பாடமே புதிதாக இருந்தது. அதன் மாவில் அடை தட்டியும் புட்டு அவித்தும் ஜப்பானியர் ஆட்சியின் மூன்றரை வருஷங்களைக் கடத்திய பெண்களின் சாமர்த்தியத்தை, போர்க்களத்து வீரத்துக்குச் சற்றும் குறைந்ததாக நான் கருதவில்லை.

யுத்தம் முடிந்து, 1947-இல் கோமள விலாஸ் உணவகம் சிராங்கூன் சாலையில் ஊர்ச் சுவையை மாறாமல் காத்து நிற்கத் தொடங்கியது. அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, அதற்கு நேர்மாறான, ஆனால் அதே அளவு சிலாக்கியமான ஒரு காரியம் நிகழ்ந்தது. கேரளத்தவரான எம். ஜே. கோமஸ், சோஃபியா சாலையிலிருந்த தம் உணவகத்தில், சீன வாடிக்கையாளர்கள் மீன் தலையை மிகவும் விரும்பி உண்பதைக் கருத்தில் கொண்டு, அந்த முழுத் தலையையே தென்னாட்டுப் புளிக்குழம்பில் இட்டுப் பரிமாறினார். விருந்தளிப்பவர் தாம் அறிந்ததைத் தருவது என்ற சம்பிரதாயம் இங்கே திருப்பப்பட்டு, விருந்தினர் விரும்பும் பொருளே விருந்தளிப்பவரின் மசாலாவுக்குள் அழைக்கப்பட்டது. சங்கரா மீனின் தலையும், வெண்டைக்காயும், கத்தரிக்காயும் கூடிய அக்குழம்பைப் பின்னர் ரேஸ் கோர்ஸ் சாலைக் கடைகள் பிரசித்தமாக்கின. சீனர்களும் மலாய்க்காரர்களும் தத்தம் பக்குவத்தில் சமைக்க, இன்று அது சிங்கப்பூரின் சொந்தப் பதார்த்தம்.

தேக்காச் சந்தை 1982-இல் சாலையைக் கடந்து புதிய கட்டடத்துக்குப் போயிற்று. போத்தோங் பாசிரின் பாத்திகள் அடுக்குமாடிக் குடியிருப்புகளாயின. இன்று சிங்கப்பூரின் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்தே வருகிறது. கிராஞ்சியிலும் லிம் சூ காங்கிலும் எஞ்சிய பண்ணைகளின் காய்கறிப் பெட்டி வாசலுக்கு வரும்போது, அதில் பெயர் தெரியாத ஒரு கீரையைக் கண்டு, விருந்தினருக்கு இதை எப்படி வைப்பது என்று தயங்கும் இளம் தம்பதியர் உண்டு. அவர்களிடம் நான் வேண்டுவது இதுதான்: தயங்காமல் தாளியுங்கள், அதற்கு முன், உங்கள் வீட்டு மூத்த பெண்மணியிடம் கங்கோங்கையும் மரவள்ளியையும் அவர் எவ்வாறு பழகினார் என்று கேட்டு, அவர் சொல்லும் பக்குவத்தை அவர் பெயரோடு எழுதி வையுங்கள்.