கொலுசு டிசைனுக்கு அமெரிக்காவில் உரிமை: கையெழுத்து போட வேண்டியது யார்?

ஏற்காடு ஒண்டிக்கடையில் கடை வைத்திருக்கும் ஒருவர், காபிப் பழத்தைக் கோத்தது போல ஒரு வெள்ளிக் கொலுசை சேலத்துப் பட்டறையில் சொல்லிச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காசு கடைக்காரருடையது. வடிவத்தை யோசித்து வரைந்தது பட்டறைத் தொழிலாளி. டிசைன் யாருக்குச் சொந்தம்?

இந்தியாவில் கடைக்காரருக்குத்தான். கூலி வாங்கிக்கொண்டு இன்னொருவருக்காக உருவாக்கும் டிசைனுக்கு, அதைச் செய்யச் சொன்னவரே உரிமையாளர் என்கிறது 2000-ம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம். அவர் பெயரிலேயே பதிவு செய்யலாம். தொழிலாளியிடம் தனியாக உறுதிமொழி கேட்பதில்லை. பாதுகாப்பு 10 ஆண்டு, பிறகு 5 ஆண்டு நீட்டிக்கலாம்.

அதே கொலுசுக்கு அமெரிக்காவில் டிசைன் பேடன்ட் கேட்டால் கதையே வேற. இந்தியாவில் விண்ணப்பித்த 6 மாதத்துக்குள் அங்கே போட்டால் முன்னுரிமைத் தேதி கிடைக்கும். 2012 செப்டம்பர் முதல், உரிமையை எழுதி வாங்கிய முதலாளியோ கம்பெனியோ விண்ணப்பதாரராக இருக்கலாம். ஆனால் உருவாக்கியவர் பெயரைக் காட்டியே ஆக வேண்டும். ‘இதை முதலில் உருவாக்கியவன் நானே, என் சம்மதத்தோடுதான் விண்ணப்பம் போகிறது’ என்று அவரே கையெழுத்திட வேண்டும். காசு கொடுத்ததால் மட்டும் ஒருவர் உருவாக்கியவர் ஆகிவிட மாட்டார். தெரிந்தே பொய் சொன்னால் அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

ஹேக் முறையில் என்ன?

ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் டிசைன் உரிமை கேட்பதுதான் ஹேக் முறை. அமெரிக்காவுக்கு இது 2015 மே 13 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2024 நிலவரப்படி இந்தியா உறுப்பு நாடு இல்லை. ஆனால் உறுப்பு நாடான சிங்கப்பூரில் உண்மையாகவே தொழில் நடத்துபவர் இதைப் பயன்படுத்தலாம். அமெரிக்காவைத் தேர்ந்தெடுத்தால் உறுதிமொழியையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். விட்டுப்போனால் 3 மாத அவகாசம். அதுவும் தாண்டினால் அமெரிக்கா மட்டும் பட்டியலில் இருந்து போச்சு. மற்ற நாடுகளுக்கான விண்ணப்பம் தொடரும்.

தொழிலாளி வேலையை விட்டுப் போய்விட்டால்?

அவர் இறந்துவிட்டாலோ, தேடியும் கிடைக்காவிட்டாலோ, கையெழுத்து போட மறுத்தாலோ, விண்ணப்பதாரர் மாற்று அறிக்கை தரலாம். ஆனால் எந்தக் காரணத்தால் என்று அதில் சொல்ல வேண்டும். அப்போதும் உருவாக்கியவர் என்ற இடத்தில் தொழிலாளியின் பெயர்தான் இருக்கும்.