ஹென்ச்சினிக் கோட்டை: ஒரு காப்பிடத்தின் சரித்திரம்

போலந்து தேசத்தின் தென்பாகத்தில், கியெல்ட்சே நகரத்துக்குத் தென்மேற்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 360 மீட்டர் உயரமுள்ள சுண்ணாம்புப் பாறைக் குன்றொன்றின் முகட்டில், மூன்று கோபுரங்களும் அவற்றைப் பிணைத்து நின்ற மதில்களின் மிச்சமுமாக இன்று காட்சி தருவது ஹென்ச்சினிக் கோட்டை. முகடு கிழக்கு மேற்காக நீண்டு, அகலத்தில் மிகக் குறுகியிருப்பதால், கோட்டையும் கரையேற்றி வைத்த ஓடம்போல ஒடுங்கி நீண்டிருக்கிறது. மதிலுக்கு எடுத்த கல்லும் அப்பிரதேசத்துச் சுண்ணாம்புக் கல்லே ஆகையால், அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்குப் பாறை முடிந்து மதில் தொடங்கும் இடம் எளிதில் புலப்படுவதில்லை. இத்தகைய இடத்தில் ஓர் அரசு தன் கோட்டையை ஏன் எழுப்பிற்று, நானூறு ஆண்டுகள் அதை எதற்காக வைத்துக்கொண்டிருந்தது, பிறகு ஏன் கைவிட்டது என்பனவே இக்கட்டுரையின் விசாரணை.

கோட்டையைக் கட்டியவர் யார் என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. போலந்தின் அரியணையில் 1300 முதல் 1305 வரை அமர்ந்திருந்த பொஹீமிய மன்னன் இரண்டாம் வென்செஸ்லாஸ் என்பர் சிலர். அவனுக்கு வலக்கையாக விளங்கிய கிராகோவ் மேற்றிராணியார் யான் முஸ்காத்தா என்பர் வேறு சிலர். இவ்விரண்டையும் மிகவும் முரண்பட்டனவாகக் கொள்ளவேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். கோட்டையின் பெயர் முதன்முதல் தோன்றுவது 1306ஆம் ஆண்டுச் சாசனத்தில். விளாதிஸ்லாவ் வோகியெத்தெக் என்னும் கோமகன், ஹென்ச்சினிக் கோட்டையையும் பதினொரு கிராமங்களையும் அதே முஸ்காத்தாவுக்கு வழங்கியதை அது கூறுகிறது. வோகியெத்தெக் கிராகோவைக் கைப்பற்றியதே அவ்வாண்டில்தான். பன்னெடுநாள் உழைப்பும் பெரும் பொருளும் வேண்டிய கற்கோட்டையை அவன் சில திங்களில் கட்டி முடித்திருத்தல் இயலாது. அவனுக்கு முன்பே, பொஹீமியர் ஆட்சிக் காலத்தில், கோட்டை எழுந்துவிட்டது என்று கொள்வதே பொருந்தும். அப்படியாயின் அச்சாசனம் புதிய கொடையாகத் தோன்றவில்லை; தலைநகரில் காலூன்ற மேற்றிராணியாரின் ஆதரவை நாடி நின்ற ஒரு புதிய அதிபதி, அவர் பிடியில் முன்பே இருந்த இடத்தை எழுத்தில் ஒப்புக்கொண்டதாகவே தோன்றுகிறது. மறு ஆண்டே, மேற்றிராணியார் தனக்கெதிராகச் சதி செய்தார் என்னும் குற்றச்சாட்டின்பேரில் வோகியெத்தெக் கோட்டையைத் தன் வசம் திருப்பிக்கொண்டான் என்பதும் இவ்வூகத்துக்கு அரண் செய்கிறது.

வோகியெத்தெக் என்பது அவனுக்கு இட்ட பட்டப்பெயர். 'முழங்கையளவினன்' என்பது அதன் பொருள். உருவத்தில் சிறிய அம்மனிதன், சிதறிக் கிடந்த போலந்துச் சிற்றரசுகளை ஒன்றாக்கி 1320இல் கிராகோவில் முடிசூடினான். சிற்றரசுகளை இணைக்கும் அம்முயற்சியில் ஹென்ச்சினிக்கு ஒரு தனி ஸ்தானம் கிடைத்தது. வடமேற்கே கினியெஸ்னோவை மையமாகக் கொண்ட பெரிய போலந்துக்கும், தெற்கே கிராகோவை மையமாகக் கொண்ட சிறிய போலந்துக்கும் இடையே, படைகள் கூடுவதற்கும் பிரபுக்கள் சந்திப்பதற்கும் வசதியான இடமாயிருந்தது இக்குன்று. வடக்கே ஜெர்மானிய வீரத்துறவியர் சங்கத்தாரின் அச்சுறுத்தல் வளர்ந்துவந்த நாளில், 1318ஆம் ஆண்டு, கினியெஸ்னோ அதிமேற்றிராணியாரின் ஆலயப் பொக்கிஷம் இங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டது. நாட்டின் தலைமைக் குருபீடமே தன் பொன்னையும் வெள்ளியையும் நம்பி ஒப்புவித்த இடம் இது என்றால், கோட்டைக்கு அந்நாளில் இருந்த மதிப்பை வேறு சான்று கொண்டு நிறுவ வேண்டியதில்லை.

1331ஆம் ஆண்டு வோகியெத்தெக் இங்கே கூட்டிய சபையைப் போலந்துச் சரித்திராசிரியர்கள் பெரிதும் போற்றுவர். பெரிய போலந்தின் பிரபுக்களும் சிறிய போலந்தின் பிரபுக்களும் ஒரே இடத்தில் கூடிய அச்சபையில், பெரிய போலந்தின் நிர்வாகம் இளவரசன் கசிமீரிடம் ஒப்படைக்கப்பட்டது. பிற்காலத்துச் சேய்ம் என்னும் பாராளுமன்றத்தின் முதற்கூட்டம் இதுவே என்று சொல்வாரும் உளர். அது சற்று மிகையென்றே கருதுகிறேன். உரிமையோடு வாக்களிக்கும் பிரதிநிதிகள் என்னும் கருத்து அந்நாளில் உருப்பெறவில்லை. ஆயினும் பிரபுக்களின் சம்மதத்தை நாடிய பிறகே அரசன் அப்பெரும் மாறுதலைச் செய்தான் என்பதில் பிற்கால வழக்கத்தின் வித்து இருக்கத்தான் செய்கிறது. அவ்வாண்டு செப்டம்பர் 27ஆம் நாள் புவோவ்ட்சே என்னுமிடத்தில் போலந்துப் படை சங்கத்தாரை எதிர்த்துப் பொருதது.

தந்தைக்குப் பின் 1333இல் பட்டமேறிய கசிமீர் கோட்டையை வலுப்படுத்தினான். மேல்கோட்டையின் இரு முனைகளிலும் இரு வட்டக் கோபுரங்கள். அவற்றிடையே அரசர் தங்கும் மாளிகை. கிழக்குக் கோபுரத்தை ஒட்டிச் சிறு ஜபாலயமும் பொக்கிஷ அறையும் என அமைந்தது கட்டடம். வழிபாட்டு அறையையும் பொன்னறையையும் ஒரே கோபுரத்தின் நிழலில் வைத்த அமைப்பு கருதத்தக்கது. பின்னர் மேற்கே கீழ்க்கோட்டையும் அதற்கென ஒரு சதுரக் கோபுரமும் எழுந்தன. வட்டக் கோபுரமொன்றை நெருங்கி நின்று நோக்கினால், கீழ்ப்பாகத்தில் செதுக்காத வெண்சாம்பல் நிறக் கல்லும், மேலே செல்லச் செல்லச் சிவந்த செங்கல்லும் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருப்பது தெரியும். கல்லின் காலம் வேறு, செங்கல்லின் காலம் வேறு என்பதை மதிலே எழுதி வைத்திருக்கிறது.

பொன்னைக் காத்த மதில்கள் மனிதரையும் அடைத்து வைத்தன. இத்தகைய கோபுரங்களின் அடித்தளத்தில் வாயில் வைப்பதில்லை. கைதியை மேலிருந்து கயிற்றில் கட்டி இருளுக்குள் இறக்குவதே வழக்கம். ஆனால் இக்கோட்டையின் கைதிகள் பலர் எளிய மனிதரல்லர். மன்னன் யாகியெல்லோவை எதிர்த்துக் கலகம் செய்த அவன் மாற்றாந்தாய் வழிச் சகோதரன், போலோத்ஸ்க் கோமகன் ஆந்திரேய், 1387இல் பிடிபட்டு ஏழாண்டுக்காலம் இங்கே சிறையிருந்தான். 1410ஆம் ஆண்டு அக்டோபரில் கொரோனோவோப் போரில் சிறைப்பட்ட மிஹேல் கூஹ்மைஸ்டர் என்னும் சங்கத்து வீரனையும் இங்கேதான் வைத்தனர். விடுதலை பெற்றுச் சென்ற அவன் 1414இல் அச்சங்கத்தின் தலைவனாகவே உயர்ந்தான். பகைவரின் வருங்காலத் தலைவன் ஒருவனைத் தன் பாறைக்குள் சில காலம் வைத்திருந்தது இக்கோட்டை.

அரசிகளும் இங்கே வாழ்ந்தனர். யாகியெல்லோவின் தேவி சோபியா, பின்னாளில் வர்ணாப் போர்க்களத்தில் 1444இல் மாண்ட தன் மகன் விளாதிஸ்லாவுடன் இங்கே தங்கியிருந்தாள். எனினும் ஊர் மக்களின் நாவில் நிலைத்தவள் மிலான் நாட்டுப் பெண்ணான போனா. 1556இல் அவள் இத்தாலிக்குத் திரும்பியபோது பொன்னும் மணியும் நிறைந்த வண்டிகள் இக்குன்றிலிருந்து இறங்கின என்றும், நீதா நதிப் பாலம் பாரம் தாங்காமல் முறிந்து அப்பொருளெல்லாம் ஆற்றில் மூழ்கிற்று என்றும் ஒரு கர்ணபரம்பரைக் கதை வழங்குகிறது. போனா அவ்வாண்டு பிப்ரவரியில் பாரி நகரை நோக்கிப் புறப்பட்டது வார்சாவிலிருந்து என்பதே சரித்திரம். ஆயினும் இக்கதையைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை; பொக்கிஷம் வைத்த இடம் என்று 1318இல் பெற்ற பெயர், அப்பொக்கிஷம் போன பிறகும் தலைமுறை தலைமுறையாக மக்கள் நெஞ்சில் நின்று, பின்வந்த ஓர் அரசியின் பெயரோடு ஒட்டிக்கொண்டதை அது காட்டுகிறது.

கோட்டையின் அழிவைப் பேசுவோர் பெரும்பாலும் 1607ஆம் ஆண்டில் தொடங்குவர். மன்னன் மூன்றாம் சிகிஸ்முந்துக்கு எதிராகப் பிரபு மிகோவாய் செப்ஷிதோவ்ஸ்கி எழுப்பிய கலகத்தில் கோட்டை தீக்கிரையானது அப்போதுதான். என் ஆராய்ச்சியில் அவ்வழிவின் தொடக்கம் 1588. அவ்வாண்டு, கோட்டையின் தட்டுமுட்டுப் பொருள்களை அடிவார ஊரின் திருச்சபைக் கோயிலுக்கு ஒப்புவிக்கும்படி சேய்ம் ஆணையிட்டது. ஒரு காலத்தில் ஆலயப் பொன் மலையேறி வந்து அடைக்கலம் புகுந்த இடத்திலிருந்து, கோட்டையின் உடைமை மலையிறங்கி ஆலயத்தில் அடைக்கலம் புகுந்தது. இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையே 270 ஆண்டுகள். காரணங்களும் தெளிவானவையே. பீரங்கி வளர்ந்த யுகத்தில் உயர்ந்த மெல்லிய மதில் காவலாக இல்லாமல் இலக்காகவே ஆயிற்று. அரசவையோ கிராகோவைவிட்டு வார்சாவை நோக்கி நகரத் தொடங்கிற்று. காப்பதற்குப் பொருளும் தங்குவதற்கு அரசரும் இல்லாத கோட்டைக்குத் தீ வந்தது பத்தொன்பது ஆண்டு கழித்தே.

அதன்பின் ஸ்தாரோஸ்தா என்னும் அரச அதிகாரியாயிருந்த ஸ்தனிஸ்லாவ் பிரானித்ஸ்கி கோட்டையை ஓரளவு புதுப்பித்தான். சுவீடியரின் படையெடுப்பும், 1657இல் திரான்சில்வேனிய அதிபதி ராக்கோட்சியின் படையும் அதை மீண்டும் பாழாக்கின. 1707இல் சுவீடியர் மறுபடியும் வந்து சென்றபோது எஞ்சிய குடிகளும் நீங்கினர். பின்னர் வந்த நூற்றாண்டுகளில், வீடு கட்டக் கல் வேண்டிய ஊரார் மதில்களிலிருந்து கல்லைப் பெயர்த்துக்கொண்டு போயினர். முதல் உலக யுத்தத்தில் கோபுரங்கள் குண்டடி பட்டன. இரண்டாம் யுத்தத்துக்குப் பின்னரே முறையான பழுதுபார்ப்பு நடைபெற்றது.

கோட்டை இவ்வாறு தேயத் தொடங்கிய பதினேழாம் நூற்றாண்டில், அதைச் சூழ்ந்த மண் வேறொரு வகையில் புகழ் பெற்றது. ஈயமும் செம்பும் வெட்டியெடுத்த இப்பிரதேசத்தில், செங்குன்று எனப் பொருள்படும் செர்வோனா கூரா என்னும் சுரங்கத்திலிருந்து, சிவந்த சேற்றில் கூழாங்கற்கள் பதிந்து இறுகினாற்போன்ற கல் கிடைத்தது. 1644இல் மன்னன் நான்காம் விளாதிஸ்லாவ் தன் தந்தை சிகிஸ்முந்துக்கு வார்சாவில் ஸ்தம்பம் நாட்டியபோது அக்கல்லே அங்கே சென்றது; எவனுக்கெதிராக எழுந்த கலகத்தில் ஹென்ச்சினி எரிந்ததோ அம்மன்னனின் வெண்கலச் சிலையைச் சுமந்து நின்றது ஹென்ச்சினிக் கல். நாளடைவில் அத்தூண் வெடித்துப் பழுதடையவே, 1887இல் அதை அகற்றிக் கருங்கல் தூண் நிறுத்தினர். அகற்றிய சிவந்த கல் தூணின் துண்டுகள் வார்சா அரண்மனையின் பக்கத்தில், புல் தரையில், இன்றும் படுத்துக் கிடக்கின்றன.