வணிகக் கணினித் தளத் தேர்வு: கடலாடி வட்டாரம்

வணிகக் கணினித் தளம் என்பது ஒரு கடையோ அலுவலகமோ தன் கணக்கு வழக்கை நடத்தும் கணினி, அதன் இயங்குதளம், அதன்மேல் ஓடும் மென்பொருள் மூன்றும் சேர்ந்தது. இதில் எதை வாங்குவது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் பெரிய அளவில் விடை தேடியது அரசு நிறுவனமான எல்காட். சி. உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, 2006–07 வாக்கில், தன் அலுவலகக் கணினிகளையே சூசே லினக்ஸுக்கு மாற்றியது. பள்ளிகளுக்கான கொள்முதலிலும் லினக்ஸைக் கொண்டுவந்தது. உரிமக் கட்டணம் மிச்சம் என்பதுதான் வாதம். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அந்த வாதம் பாதி நின்றது, பாதி விழுந்தது. ஒரே கணினியில் மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் இருந்தன. பின்புலப் படத்தைக்கூட மாற்றிக்கொள்ள முடியாத மலிவுப் பதிப்பு அது. இருந்தும் மாணவர்கள் பெரும்பாலும் அதைத்தான் திறந்தார்கள்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் கடலாடி, சாயல்குடி, வாலிநோக்கம் பக்கம் உப்பு, மிளகாய் வத்தல், கருவேலங்கரி, கருவாடு என்று நடக்கும் வியாபாரத்தில் இந்த விவாதம் வேறு வழியில் முடிந்துவிடுகிறது. இங்கே இயங்குதளத்தைத் தீர்மானிப்பவர் கடைக்காரர் அல்ல, பரமக்குடியிலோ இராமநாதபுரத்திலோ இருக்கும் ஆடிட்டர். அவர் டேலி என்ற கணக்கு மென்பொருளை வைத்திருந்தால் கடையிலும் டேலி. டேலி விண்டோஸுக்காகவே எழுதப்பட்டது என்பதால், மேசையில் விண்டோஸும் வந்து உட்கார்ந்துவிடும். பெங்களூரு நிறுவனமான டேலியின் நிரந்தர உரிமத்தை ஒருமுறை வாங்கினால் போதும். புதுப்பதிப்பு வேண்டுமென்றால்தான் ஆண்டுச் சந்தா. ஆனால் 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு விதிகள் அடிக்கடி மாறுவதால், அந்தச் சந்தாவைத் தவிர்ப்பது எளிதல்ல. ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடி ரூபாய்க்கு உட்பட்டவர்களுக்கு ஜி.எஸ்.டி. வலையமைப்பே இலவசக் கணக்கு மென்பொருளுக்கு ஏற்பாடு செய்திருக்கிறது. அதைப் பற்றிக் கேட்காமலே பணம் கட்டுகிறவர்கள் உண்டு.

வாங்கும் விலையில் எல்லோரும் கவனிக்கத் தவறுவது வரி. கணினிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 40,000 ரூபாய்க் கணினி என்றால் வரி 7,200. பதிவுபெற்ற வத்தல் வியாபாரி, தன் சரக்குக்குக் கட்ட வேண்டிய 5 சதவீத வரியில் இதைக் கழித்துக்கொள்ளலாம். உப்புக்கு வரியே இல்லை. ஆகவே உப்பு மட்டும் விற்பவருக்குக் கழிக்க இடமும் இல்லை, 7,200 முழுதும் கைச்செலவு. அதே கடைத்தெருவில், அதே பெட்டி, இருவருக்கு இரு விலை. வருமான வரிக் கணக்கில் கணினிக்கும் மென்பொருளுக்கும் ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் எழுதலாம். சந்தாத் தொகையையோ அந்த ஆண்டின் செலவாகவே முழுமையாகக் காட்டலாம்.

‘கிராக்’ போட்ட விண்டோஸ் மலிவு என்று நினைப்பது இன்னொரு கணக்குப் பிழை. பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்துபவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. வியாபார ஆதாயத்துக்காகப் பயன்படுத்தாதவருக்குத்தான் நீதிமன்றம் சிறையை விலக்கிச் சலுகை காட்ட இயலும். கடைக்காரர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

ஒரு தளத்துக்குள் போகும் செலவைவிட வெளியே வரும் செலவு பெரிது. அரசு அலுவலகங்களில் ‘வானவில்’ எழுத்துருவில் ஆண்டுக்கணக்காகத் தட்டிய கடிதங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரியும். 2010-இல் அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றபின்னும் பழைய கோப்புகள் அப்படியே கிடந்தன. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, சுமார் 15,000 கணினிகளை மாற்றி முடிக்கப் பத்தாண்டு பிடித்தது. 2017-இல் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது. இரண்டு பயணத்துக்கும் செலவு மாநகராட்சியின் பணம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் நின்றது. விண்டோஸ் 11 ஏற டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலி வேண்டும். பழைய பெட்டியைக் கழிப்பதற்கு முன், அதில் லினக்ஸும் லிப்ரே ஆபீஸும் போட்டு, கடிதத்துக்கும் இணையத்துக்கும் வைத்துக்கொண்டு, டேலிக்கு மட்டும் ஒரு புதுக் கணினி வாங்குவது பல கடைகளுக்குக் கட்டுப்படியாகும் வழி.

உப்பளக்கரை எடைமேடை அறையில் கணினி வைப்பவர்களுக்கு இயங்குதளம் இரண்டாம் கவலைதான். பெட்டியைத் திறந்தால், உப்புக் காற்றால் மெமரியின் தொடுமுனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். அழிரப்பரால் தேய்த்துத் துடைத்துத் திரும்பச் செருகினால் சில மாதம் ஓடும். அங்கே விலையுயர்ந்த கணினி வாங்குவதைவிட, நடுத்தரக் கணினி ஒன்றும், பேட்டரி மாற்றிய யு.பி.எஸ்.ஸும், வாரம் ஒருமுறை ஊருக்குள் எடுத்துப்போய் வைக்கும் பென்டிரைவ் நகலும் குறைந்த செலவு.