வள்ளியின் தர்க்கத்தை இயற்றியவர் யார்?

வள்ளி திருமணம் நாடகத்தை எழுதியது யார் என்று கேட்டால், எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் யோசிக்காமல் சங்கரதாஸ் சுவாமிகள் என்பார்கள். சரிதான். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கி, 1922இல் மறைந்த சுவாமிகளின் பாட்டுகள் இன்றும் மேடையில் நிற்கின்றன. ஆனால் எங்கள் ஊர் பொட்டிபுரத்தில் அம்மன் பொங்கலுக்கு நாடகம் போட்டால், ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களை விடியும்வரை உட்கார வைப்பது அந்தப் புத்தகம் மட்டும் அல்ல. வள்ளி வேஷம் கட்டியவர் அன்று ராத்திரி நாரதரோடு தன் வாயால் கட்டுகிற தர்க்கமும்தான். நாளெல்லாம் மலைச்சரிவில் குனிந்து காய் எடுக்கிறவர்கள் இவர்கள். மேடையிலோ, மலைச்சரிவில் தினைப்புனம் காக்கிற ஒருத்தி மூவுலகமும் சுற்றிய நாரதரை மடக்குகிறாள். எப்படி எழுந்து போவார்கள்?

இப்படிப் போடுவதை ஸ்பெஷல் நாடகம் என்பார்கள்; அதில் ஒத்திகை கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக அமர்த்துவார்கள். கதை எல்லாருக்கும் தெரியும். நாரதர் எந்தக் கேள்வியைப் போடுவார் என்பது வள்ளிக்குத் தெரியாது. கேள்வி விழுந்ததும் விருத்தமாக எடுத்து, நடுவில் பேச்சுக்கு இறங்கி, மறுபடி பாட்டில் போய் முடிக்க வேண்டும். வள்ளி பாடும்போது ஆர்மோனியக்காரர் கூடவே வருவார். பேச இறங்கினால் சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். பதில் நாரதரைத் தைத்த நொடியில் கட்டைகளில் விரல் பறக்கும். பேச்சும் வாத்தியமும் சேர்ந்த ஓர் உருப்படி அங்கே பிறக்கிறது. அதை இயற்றியவர் அந்தப் பெண்தான். இதை நான் அழுத்தியே சொல்வேன்.

இயற்றியவர் பெயர் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு வெளியே ஓர் உதாரணம் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் ஃப்ரீடா பெய்க், ஃபில்லிஸ் ஃபெர்கஸ் போன்ற பெண்கள், பியானோவோடு சேர்த்துப் பேசுவதற்கென்றே உருப்படிகள் இயற்றினார்கள். அவர்கள் பெயரிலேயே அவை அச்சாயின. அதனால்தான் இன்றும் ஒருவர் பியானோ முன் உட்கார, ஒருவர் நின்று சொல்ல, அவற்றை மேடையேற்ற முடிகிறது.

நம்மிடமும் ஆள் இல்லாமல் போகவில்லை. நாடக மேடையில் சொல் பழகிய டி.பி. ராஜலட்சுமி 1936இல் 'மிஸ் கமலா' படத்தை எழுதி இயக்கினார். மதுரை கே.பி. ஜானகியம்மாள் ஊர் ஊராகப் பாடி நடித்தவர். விடுதலைப் போரில் அவர் சிறை சென்றதும், 1967இல் சட்டமன்ற உறுப்பினரானதும் ஏட்டில் இருக்கின்றன. மேடையில் அவர் எதிராளிக்குச் சொன்ன பதில்களை நான் எங்கும் படித்ததில்லை. வானொலியும் இந்த இசைக்குக் கதவைச் சாத்தியிருந்தது. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. அந்தத் தடை தளர 1971 ஆயிற்று. எத்தனை வள்ளிகளின் எத்தனை இரவுகள் அதற்குள் காற்றோடு போயின என்று நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

இப்போது பிள்ளைகள் செல்போனில் நாடகம் முழுவதையும் பிடித்துவிடுகிறார்கள். வலையில் ஏற்றும்போது ஊர்ப் பெயரையும் நாடகப் பெயரையும் போடுகிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் நான் கேட்பது இதுதான்: பாட்டு சங்கரதாஸ் சுவாமிகள், ஆர்மோனியம் இன்னார், தர்க்கம் இயற்றியவர் வள்ளியாக வந்த இன்னார் என்று மூன்றையும் எழுதுங்கள்.