திமிங்கில உணவாய்வு: வேட்டையிலிருந்து காவலுக்கு

திமிங்கிலம் எதனை உண்கின்றது, எங்கு வாழ்கின்றது என்னும் ஆய்வு நெடுங்காலம் வேட்டையோடு பிணைந்தே வளர்ந்தது. 1966 நவம்பரில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் அரபிக்கடலில் ஓமான், பாகிஸ்தான், இந்தியக் கரைகளை அண்டி 238 கூன்முதுகுத் திமிங்கிலங்களைச் சட்டவிரோதமாகக் கொன்றன. அவற்றின் இரைப்பைகளில் மீன்களும் இறாலையொத்த சிற்றுயிர்களும் காணப்பட்டன. பிற கூட்டங்களைப் போலத் துருவக் கடலை நாடாது, இவை அங்கேயே இரைதேடி இனம்பெருக்குவன என்பதும் புலனாயிற்று. மறைக்கப்பட்டிருந்த இத்தரவுகளை யூரி மிகலேவ் 1997 இல் வெளியிட்டார். அக்கூட்டத்தின் தனித்தன்மையை உணர்த்திய வேட்டையே அதனை அருகச் செய்தமை வரலாற்றின் முரணாகும்.

1979 இல் இந்து சமுத்திரம் திமிங்கிலச் சரணாலயமாக்கப்பட்டது. 1982 முதல் 1984 வரை ‘டியூலிப்’ என்னும் பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர், திருகோணமலைக் கடலிலும் உயிருள்ள திமிங்கிலங்களை அவதானித்தனர். பின்னர் ஆஷா டி வோஸ் முதலானோர் இலங்கைக் கடலில் நீலத்திமிங்கிலங்களின் மிதக்கும் கழிவைச் சேகரித்து, அதன் மரபணுக் கூறுகளை ஆராய்ந்தனர். அவை ஒருவகைச் சிற்றிறாலையே பெரிதும் உண்கின்றன என்பதை 2018 இல் வெளிப்படுத்தினர். இவ்வாய்வுக்கு ஓருயிரேனும் பலியாகவில்லை.

தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே திமிங்கிலங்கள் இரைதேடும் பரப்பினூடே பெருங்கப்பல்களும் செல்கின்றன. அவற்றில் மோதுண்டு திமிங்கிலங்கள் மடிகின்றன. இரையிருக்கும் இடத்தை அறிதல் கப்பற்பாதையை வகுப்பதற்கும் வழிகாட்டுமாயின், இவ்வறிவு முழுப்பயன் எய்தும் எனலாம்.