கடற்கரையும் ஓய்வும்: திருகோணமலைக் கரையோரம் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

விடுமுறை நாளிற் கடற்கரைக்குச் செல்வதும், நீராடுவதும், மணலில் அமர்ந்து காற்று வாங்குவதும் எக்காலத்தும் எவ்விடத்தும் மனிதர் செய்துவந்தவை என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. நிலாவெளி, உப்புவெளிக் கரைகளைப் பற்றி எழுதப்படும் பிரயாண நூல்களும் விளம்பரங்களும் இக்கருத்தையே அடிப்படையாகக் கொண்டவை. அவற்றிற் கடற்கரை இயற்கையின் கொடையாக, மனிதர் கைபடாத வெறுவெளியாக வருணிக்கப்படும். ஆயின், கடற்கரையை ஓய்விடமாகக் காணும் பார்வையும் வரலாற்றில் விளைந்த ஒன்றே. அது தோன்றிய காலமும் இடமும் உண்டு. அதனைத் தோற்றுவித்த வர்க்கங்களும் உண்டு. திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்தின் கரையோரத்தை இந்நோக்கில் ஆராய முற்படுகின்றோம்.

நவீன கடற்கரை விடுமுறை பிறந்த இடம் இங்கிலாந்தாதலின் அங்கிருந்து தொடங்குவது பொருத்தமாகும். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் றிச்சாட் றசல் என்ற மருத்துவர் கடல்நீரை நோய்தீர்க்கும் மருந்தாக விதந்து நூலெழுதினார். அவரைப் பின்பற்றிச் செல்வந்தர் பிறைற்றன் என்னும் மீனவர் ஊரை நாடி வரலாயினர். 1783இல் முடிக்குரிய இளவரசரும் அங்கு வந்தபின் அவ்வூரின் தலைவிதி மாறியது. அதுவரை மீனவர் தம் வலைகளை உலர்த்திவந்த ஸ்ரீன் எனும் புற்றரை, கனவான்களும் சீமாட்டிகளும் உலாவும் இடமாயிற்று. வலைகள் உலாவுவோரின் காலைத் தடுக்கின்றன என்ற முறைப்பாடு எழுந்தது. ஈற்றில் வலைகளே வெளியேற நேர்ந்தது. பொழுதுபோக்குக் கடற்கரையின் வரலாற்றில் இச்சிறு நிகழ்ச்சியை நாம் மனத்திருத்திக்கொள்ளல் வேண்டும். ஏனைய கரைகளிலும் இதனைப் பல வடிவங்களிற் காண்போம்.

எனினும் ஆங்கிலக் கரையின் கதை அத்துடன் முடியவில்லை. 1841இல் இலண்டனிலிருந்து பிறைற்றனுக்கும், 1846இல் பிளக்பூலுக்கும் புகையிரதப் பாதை போடப்பட்டது. லங்காஷயர் பருத்தியாலைகள் ஆண்டுக்கு ஒரு முறை தத்தம் ஊர்த்திருவிழா வாரத்தில் மூடப்பட்டபோது, ஒரு நகரத்தின் தொழிலாளர் முழுவதும் திரண்டு பிளக்பூலுக்குச் செல்லும் வழக்கம் வேரூன்றிற்று. அவ்வாரத்துக்குக் கூலி கிடையாது. ஆண்டு முழுவதும் சேமிப்புக் கழகங்களிற் பென்ஸ் பென்ஸாகச் சேர்த்த பணத்தைக் கொண்டே அவர்கள் கடலைக் கண்டனர். வேலைநேரத்தைக் குறைப்பதற்காகப் பல பத்தாண்டுகள் நடந்த போராட்டத்தின் பயனாக 1847இன் பத்துமணிநேரச் சட்டம் வந்தது. 1871இல் வங்கி விடுமுறைச் சட்டமும், 1938இலேயே கூலியுடனான விடுமுறைச் சட்டமும் நிறைவேறின. ஆங்கிலத் தொழிலாளருக்குக் கடற்கரை இனாமாகக் கிடைத்ததன்று என்பது இதனாற் புலனாகும். மூலதனத்தில் வேலைநாள் பற்றி விரிவான அதிகாரம் எழுதிய மார்க்ஸ், அந்நூல் வெளிவருவதற்கு முந்திய ஆண்டாகிய 1866இல், மருத்துவரின் ஆலோசனைப்படி மார்கேற் கரையிற் சில வாரங்கள் தங்கினார் என்பதும், ஏங்கல்சின் அஸ்தி 1895இல் ஈஸ்ட்போர்ண் கடலிற் கரைக்கப்பட்டது என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கவை. ஓய்வை வெறுத்தவர்களல்லர் அவர்கள்.

பிரெஞ்சு வரலாற்றாசிரியர் அலெய்ன் கோபான் 1988இல் வெளியிட்ட ஆய்வில், பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஐரோப்பியருக்குக் கடற்கரை அச்சத்துக்கும் அருவருப்புக்கும் உரிய இடமாகவே இருந்தது என வாதிட்டார். தமிழிலக்கியம் பயின்றோர் இதனை அவ்வாறே நமக்குப் பொருத்திவிட இயலாது. நெய்தல் ஒரு திணையாகவே வகுக்கப்பட்ட மரபு நம்முடையது. பட்டினப்பாலை புகார்க் கரையின் விளையாட்டுக்களைக் கூறும். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை இந்திரவிழாவின் முடிவில் நகரத்தார் கடலாடச் சென்றதைக் கூறும். கோவலனும் மாதவியும் பிரிந்த இடமும் கடற்கரையே. ஆயினும் அங்கு கடலாடியவர் வணிகச் செல்வத்திற் கொழித்த பட்டினத்து மாந்தர் என்பதை மறந்துவிடலாகாது. நற்றிணையின் நாற்பத்தைந்தாம் பாடல் இவ்வகையில் மிகுந்த பயனுடையது. கடுந்தேர்ச் செல்வனது மகன் பரதவர் மகளை நாடி வருகின்றான். தோழியோ தங்கள் குலத்தின் தொழிலையும் மீனின் நாற்றத்தையும் எடுத்துரைத்து, எம் வாழ்வும் உம் வாழ்வும் ஒவ்வா என்று அவனை அகலச் சொல்கின்றாள். உரையாசிரியர் இதனைச் சேட்படுத்தல் என்னும் துறையிலடக்கி அமைவர். ஆனால், தேரிற் பொழுதுபோக்க வருபவனுக்கும் கரையில் உழைப்பவளுக்கும் இடையிலுள்ள வர்க்க இடைவெளி அப்பாடலில் ஒளிவுமறைவின்றித் தெரிகின்றது.

இப்பின்னணியில் திருகோணமலையை நோக்குவோம். காலனித்துவ ஆட்சி பல கீழைத்தேய நகரங்களில் ஆங்கில உலாவிடத்தை நட்டுவைத்தது. 1859இல் திறந்துவைக்கப்பட்ட கொழும்புக் காலிமுகத்திடலும், 1880களில் கிராண்ட் டஃப் அமைத்த சென்னை மெரினாவும் அவ்வகையின. திருகோணமலை மீது ஆங்கிலேயர் கொண்ட அக்கறை வேறுவகையானது. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து அவர்கள் கைப்பற்றியது ஒரு படைத்துறையையே. சுவாமிமலையில் நின்ற கோணேசர் கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் இடித்து அவ்விடத்திற் கோட்டை கட்டியிருந்தனர். அக்கோட்டை ஆங்கிலேயர் காலத்தில் பிரெட்றிக் கோட்டை எனப் பெயர் பெற்றது. முதலாம் உலகப் போரின் பின் சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. 1927இல் புகையிரதம் வந்தது. பிளக்பூலுக்குப் புகையிரதம் ஆலைத் தொழிலாளரைக் கொணர்ந்தது; இங்கு அது வந்த காலம் கடற்படைத் தளம் வளர்ந்துகொண்டிருந்த காலமாகும். 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும், 1957 ஒக்டோபரிற் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டதும் யாவரும் அறிந்தவை. தளம் கைமாறுமுன்னரே இன்னொரு பார்வையும் இக்கரைக்கு வந்துவிட்டது. 1956இல் ஆதர் சீ. கிளாக்கும் மைக் வில்சனும் சுவாமிமலையடியில் நீர்மூழ்கி, கோயிலின் சிதைந்த தூண்களையும் கற்களையும் கண்டு படமெடுத்தனர். தீர்த்தமாடும் அடியார்களின் கடலும் மூழ்குவோரின் கடலும் ஒரே பாறையடியிற் சந்தித்தன எனலாம்.

கடற்கரை பண்டமாக மாறுவது இதன் பின்னரே. 1966இன் சட்டத்தினால் இலங்கை உல்லாசப் பிரயாண சபை நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டில் வகுக்கப்பட்ட பத்தாண்டுத் திட்டம் கிழக்குக் கரையை உல்லாசப் பிரதேசங்களுள் ஒன்றாகக் குறித்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியே இதற்குத் தூண்டுகோல் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. 1970களில் நிலாவெளியிலும் உப்புவெளியிலும் விடுதிகள் எழுந்தன.

இவ்விடத்தில் காலநிலையைச் சற்று விரிவாக நோக்குதல் அவசியம். கிழக்குக் கடல் வாடைக் காலத்திற் கொந்தளிக்கும். சோளகம் வீசும் ஏப்ரல் முதல் செப்ரெம்பர் வரையிலான மாதங்களில் அடங்கிக் கிடக்கும். உல்லாசப் பிரயாணிகளின் பருவம் அதுவே. கரைவலைப் பருவமும் அதுவே. அக்காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் முதலிய மேற்குக் கரையூர்களிலிருந்தும் மீனவர் இங்கு வந்து வாடியமைத்துத் தங்குவது நீண்டகால வழக்கம். கரைவலைக்கு வேண்டியது கடல் மட்டுமன்று. அகன்ற மணற்பரப்பும் வேண்டும். தோணியிற் சென்று அரைவட்டமாக வலையை வளைத்தபின், இரு அந்தத்துக் கயிறுகளையும் இரு குழுவினர் கரையில் நின்று இழுப்பர். இழுக்க இழுக்க அவர்கள் ஒருவரையொருவர் நெருங்கி வருவர். மடி கரையேறும்போது மீனைக் கொட்டவும் பிரிக்கவும் உலர்த்தவும் இடம் வேண்டும். வலைக்கும் தோணிக்கும் உடைமையாளரான சம்மாட்டிக்கு ஒரு பங்கும், இழுத்தோருக்கு ஒரு பங்குமாக வரும்படி பிரியும். அங்கும் சுரண்டல் உண்டு. கரைவலையை ஆதிப் பொதுவுடைமையின் எச்சமென்று புனைந்துரைப்போருடன் நாம் உடன்படவியலாது. ஆயின், விளம்பரப் படத்தில் வெறுவெளியாகக் காட்டப்படும் மணல் உண்மையில் ஓர் உற்பத்திக் களம் என்பதே இங்கு கருதத்தக்கது. அப்படம் எடுக்கப்படுமுன் அங்கிருந்து கயிறும் தோணியும் மனிதரும் விலக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

கரைவலையிழுப்போர் பாடும் அம்பாப் பாடல்கள் பற்றியும் ஒரு வார்த்தை. உழைப்பின் கூட்டசைவிலிருந்தே பாட்டின் ஓசை பிறந்தது என்ற கருத்தை ஜோர்ஜ் தொம்சன் வலியுறுத்தினார். பேராசிரியர் கைலாசபதி பேர்மிங்ஹாமில் அவரிடம் பயின்றவர். தொம்சனுக்கு இவ்வுண்மையை உணர்த்தியவர்களுள் அயர்லாந்தின் பிளாஸ்கெற் தீவு மீனவரும் அடங்குவர் என்பது நமக்கு மிக அண்மையான செய்தி. அத்தகைய பாடல் வாழும் ஒரு கரையில், விடுதியின் மாலை நிகழ்ச்சிக்கு வேறிடத்திலிருந்து கலைஞரை வரவழைப்பது ஒரு வேடிக்கையே.

1983இன் வன்செயல்களோடு பிரயாணிகள் மறைந்தனர். 1990இன் போர் கரையூர் மக்களையே அகற்றியது. அக்காலமெங்கும் மீனவர் கடலிறங்கும் நேரமும் தூரமும் பாதுகாப்புக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டிருந்தன. 2004 திசெம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின் அரசு கரையோரத் தடைவலயம் ஒன்றை அறிவித்தது: தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். வீடிழந்த மீனவர் தம் பழைய நிலத்திற் குடிசையிட முடியாதிருக்க, சுற்றுலாக் கட்டடங்களுக்கு விலக்களிக்கப்பட்டது. கடுமையான எதிர்ப்பின் பின்னரே அவ்விதி தளர்ந்தது. பிறைற்றனின் வலைகள் மீண்டும் நம் நினைவுக்கு வருகின்றன.

நகர மக்களுக்கும் மாலைக் கடற்கரை உண்டு என்பதை மேற்கூறியவை மறைத்துவிடலாகாது. டச்சுக்குடாக் கரையிற் குடும்பங்களும் இளைஞரும் கூடுவது நெடுநாள் வழக்கம். 2006 ஜனவரி 2ஆந் திகதி மாலை, காந்தி சிலைக்கு அருகே கூடியிருந்த ஐந்து தமிழ் மாணவர்கள் அங்கேயே சுட்டுக்கொல்லப்பட்டனர். 2019இல், சாட்சியங்கள் போதாவெனக் கூறி, குற்றஞ்சாட்டப்பட்ட படையினரும் பொலிசாருமாகிய பதின்மூவரையும் நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. கடற்கரையில் ஒரு மாலைப்பொழுதைக் கழிக்கும் சாதாரண உரிமை இந்நகரத்தில் எத்துணை அரசியற் பொருளுடையது என்பதற்கு இதனிலும் கொடிய சான்று தேவையில்லை.

2009இன் பின் விடுதிகள் பெருகின. சீனக்குடாவின் பளிங்குக் கடற்கரையில் விமானப்படையே ஓய்வில்லம் நடத்துகின்றது. 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவின் எல்லைக்குள் மீன்பிடி தடுக்கப்பட்டுள்ளது. நுழைவுச்சீட்டுப் பெற்றோர் முருகைக்கற்களைக் கண்டு மகிழலாம். அவர்களைப் படகிற் கொண்டுசெல்வோருள் நிலாவெளி மீனவரும் உளர். இவ்வருமானத்தால் அடுப்பெரியும் வீடுகளை மறந்து, பண்பாடு சீரழிகின்றதென ஒப்பாரி வைப்போரின் ஒழுக்கவாதம் நமக்குரியதன்று. 1954இன் சட்டம் கடை, அலுவலக ஊழியருக்குக் கூலியுடனான ஆண்டு விடுமுறையை வழங்கிற்று. கரைவலையிழுப்போருக்கு அத்தகைய ஏற்பாடு எதுவுமில்லை. வலை போடாத நாள் அவர்களுக்குப் பங்கில்லாத நாள்.

இத்துறையில் மாணவர் உடன் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. கரைவலை இழுக்கப்படும் ஒவ்வோரிடமும் பாடு எனப்படும். ஒவ்வொரு பாட்டுக்கும் பெயருண்டு, முறையுண்டு, உரிமையாளருண்டு. உப்புவெளி முதல் புல்மோட்டை வரையுள்ள பாடுகளின் பெயர்களை முதியோரிடம் கேட்டுத் தொகுத்து, அங்கு பாடப்பட்ட அம்பாப் பாடல்களையும் பதிவுசெய்து, 1970களின் பின் அந்நிலங்களுக்கு எழுதப்பட்ட உறுதிகளோடு வைத்து ஒப்புநோக்குதல் வேண்டும். எந்த விடுதி எந்தப் பாட்டின்மேல் நிற்கின்றது என்பதை அப்பட்டியல் காட்டும்.