கருப்பை வாய்ப் புற்றுநோய்

கருப்பை வாய்ப் புற்றுநோய் கருப்பையின் குறுகிய கீழ்முனையில் தோன்றுவது. பெரும்பாலும் தட்டைச் செல் வகையைச் சேர்ந்தது. சுரப்பிச் செல்களில் தோன்றுவதும் உண்டு. மனித பாப்பிலோமா வைரஸின் (எச்.பி.வி.) நீடித்த தொற்றே ஏறத்தாழ எல்லா நோயாளிகளிடமும் இதற்கு அடிப்படை.

தோன்றும் இடம்

கருப்பை வாயின் வெளிப்புறத்தைப் பல அடுக்குத் தட்டைச் செல்களும், உட்குழாயை ஓரடுக்குத் தூண் செல்களும் மூடியுள்ளன. தூண் செல் படலம் தட்டைச் செல் படலமாக மாறும் எல்லைப் பகுதியில்தான் பெரும்பாலான பாதிப்புகள் தொடங்குகின்றன.

வைரஸின் பங்கு

ஜெர்மனியின் ஹரால்டு சுர் ஹௌசன் குழுவினர் 1983-இல் எச்.பி.வி. 16 வகையையும், அடுத்த ஆண்டில் 18 வகையையும் இப்புற்றின் திசுக்களில் கண்டறிந்தனர். அவருக்கு 2008-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. உலகளவில் சுமார் 70 விழுக்காட்டு நோய்க்கு இவ்விரு வகைகளே காரணம்.

பெரும்பாலான தொற்றுகள் இரண்டாண்டுகளுக்குள் தாமாகவே நீங்கிவிடும். நீங்காதவற்றில், வைரஸின் இ6 புரதம் செல்லின் பி53 புரதத்தைச் சிதைக்கிறது. இ7 புரதம் ஆர்.பி. புரதத்தை முடக்குகிறது. செல் பிரிவதைக் கட்டுப்படுத்துவது ஆர்.பி.; பழுதான செல்லை நிறுத்துவது அல்லது மடியச் செய்வது பி53. இரண்டும் செயலிழந்தால் செல்கள் ஓயாது பிரிகின்றன. மரபணுப் பிழைகளும் சேர்ந்துகொண்டே போகின்றன.

வளர்ச்சிப் படிகள்

தொற்றுள்ள செல்லை நுண்ணோக்கியில் பார்த்தால், சுருங்கிக் கருத்த உட்கருவும் அதைச் சுற்றி வெளிறிய வெற்றிடமும் தெரியும். ஒழுங்கிழந்த செல்கள் படலத்தின் அடிப்பகுதியில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் அது சி.ஐ.என். எனப்படும் புற்றுக்கு முந்தைய மாற்றத்தின் முதல் படி (சி.ஐ.என். 1); மூன்றில் இரு பங்குவரை ஏறினால் சி.ஐ.என். 2, அதையும் தாண்டினால் சி.ஐ.என். 3. முதல் படி பெரும்பாலும் தானே மறையும். மூன்றிலும் படலத்தின் கீழுள்ள அடிச்சவ்வு சிதையாததால் இவை இன்னும் புற்றுநோய் அல்ல. செல்கள் அச்சவ்வைத் துளைத்துக் கீழே இறங்கினால்தான் அது ஊடுருவும் புற்று. பின்னர் அது இடுப்பு நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவலாம். சிறுநீர்க்குழாய்களை நெருக்கிச் சிறுநீரகத்தையும் செயலிழக்கச் செய்யலாம்.

கண்டறிதலும் தடுப்பும்

தொற்றிலிருந்து புற்றுவரை பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களில் இந்த இடைவெளி குறையும். இந்த இடைவெளியில், கருப்பை வாயிலிருந்து எடுத்த செல்களை நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் சோதனை, எச்.பி.வி. சோதனை ஆகியவற்றால் பாதிப்பைக் கண்டறிந்து அகற்றிவிடலாம். நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவினால், மாறிய பகுதி ஒரு நிமிடத்தில் வெளுத்துக் காட்டும். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் இம்முறையைப் பயன்படுத்திய ஆய்வில் இந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததாக 2007-இல் வெளியான முடிவுகள் காட்டின. எச்.பி.வி. தடுப்பூசி 2006 முதல் பயன்பாட்டில் உள்ளது.